ஜப்பான் கடலில் முளைத்த பாசி

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு, கிளெண்டா பர்டனின் கடற்பாசி ஜப்பானில் முளைத்துவிட்டதாக ஒரு மின்கடிதம் வந்தது.

அனுப்பியவர் ஷிஸுகோ மிகாமி. ஹொக்கைடோ தீவின் கிழக்குக் கோடியில், குஷிரோ என்ற ஊரில் பாசி ஆராய்ச்சி செய்கிறவர். மிகுந்த மரியாதையோடுதான் எழுதியிருந்தார். "உங்கள் கடல் தரவுக் களஞ்சியத்தில் இருக்கும் திரு. நெவில் கிளீரியின் தொகுப்பை ஆர்வத்தோடு படித்தேன். அதன்படி எங்கள் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ராட்சதப் பாசிக் காடு பல வருடங்களாக இருக்கிறது. அந்த இடத்தில் கடலின் ஆழம் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். தரவு சரி என்றால் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இருந்தாலும் ஒருமுறை சரிபார்க்க முடியுமா?"

கிளெண்டா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படிக்கும்போது கையிலிருந்த காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டாள். வெள்ளைக் குவளை. அதன்மேல் கறுப்பில் ஒரே ஒரு கழித்தல் குறி, விரல் நீளத்துக்கு. அவள் வேலைக்கு வந்து பத்து வருடம் முடிந்தபோது பக்கத்து மேசை டாம்சின் ஓக்ஸ் கொடுத்த பரிசு அது. ஹோபார்ட்டுக்குக் கடல் ஆராய்ச்சி செய்ய வருகிற எந்த மாணவரும் கிளெண்டாவின் வகுப்பில் உட்காராமல் தப்ப முடியாது. வகுப்பின் முதல் ஒரு மணி நேரம் அந்தக் குறியைப் பற்றித்தான். "நாம பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கோம். அட்சரேகைக்கு முன்னாடி மைனஸ் போடணும். போடலேன்னு வைங்க, கணினி உங்களை அப்படியே வடக்கே தூக்கிட்டுப் போய் வெச்சுடும். நீங்க எண்ணின இறால் எல்லாம் ஜப்பான் பக்கம் மேயும்." மாணவர்கள் அவளுக்கு மைனஸ் கிளெண்டா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்குத் தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த மைனஸ் கிளெண்டாதான் மைனஸ் போடாமல் விட்டிருந்தாள். ஒரு வரியில் அல்ல, இரண்டு வரியில் அல்ல. முக்குளி நெவ் கிளீரியின் தொகுப்பில் மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரிகள். அதில் இரண்டாயிரத்து நூற்று இருபத்திரண்டு வரிகள் ஜப்பானுக்குப் போயிருந்தன. உலகமே பார்க்கலாம் என்று திறந்து வைத்த பக்கத்தில் பதினாலு மாதமாக இப்படியே இருந்திருக்கிறது. கிளெண்டாவுக்கு முகம் காது வரைக்கும் சுட்டது.

"டாம்சி," என்றாள். "இங்க வா. சிரிக்கக் கூடாது."

டாம்சின் வந்து திரையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு குவளையைப் பார்த்தாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"சிரிக்காதேன்னு சொன்னேன்ல?"

"சிரிக்கலை கிளெண்டா, சத்தியமா. இருமல். ஆனா இது எப்படி உள்ள போச்சு? புள்ளி தரைமேல விழுந்தா நம்ம மென்பொருள் தடுத்துடுமே?"

"தரைமேல விழலையே. கடல்லதான் விழுந்திருக்கு."

"அட ஆமா." டாம்சினின் சிரிப்பு நின்றது. "கடலான்னுதான் பார்க்குது. எந்தக் கடல்னு பார்க்கலை."

அந்த மென்பொருள் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. எங்கெங்கோ இருக்கிற பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று திறந்து விட்டது. ஹோபார்ட் களஞ்சியத்துக்காக அதில் கடல் சங்கதிகளைச் சேர்த்தவள் டாம்சின். ஆகவே குற்றத்தில் அவளுக்கும் கால் பங்கு உண்டு என்று கிளெண்டா சொல்ல நினைத்தாள், சொல்லவில்லை. அதற்குள் தொலைபேசி அடித்துவிட்டது.

மறுமுனையில் அலிஸ்டர் பீட். ராட்சதப் பாசியை ஆய்வகத் தொட்டியில் முளைக்க வைத்துக் கடலில் நடுகிற திட்டத்தின் தலைவர். ஹோபார்ட்டை ஒட்டிய நம் கிழக்குக் கரையில் அந்தப் பாசி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அழிந்துவிட்டது. கடல் சூடேறியது, பாசி போனது, அதை நம்பி இருந்த மீனும் சிப்பியும் பின்னாலேயே போயின. மிச்சம் இருப்பதை வைத்து நட மூன்று விரிகுடாக்களைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பட்டியல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மூடப்படும். யாருடைய வாய்வார்த்தையும் எடுபடாது. நிரந்தர எண் கொடுத்துப் பொதுவில் வைத்திருக்கிற தரவு மட்டும்தான் செல்லும், ஏனென்றால் அதைத்தான் யாரும் எடுத்துச் சோதித்துப் பார்க்க முடியும்.

"கிளெண்டா, வருத்தமான சேதிதான். ஸ்டில்மன் விரிகுடாவைப் பட்டியல்லேருந்து எடுக்கப் போறோம்," என்றார் அலிஸ்டர். "உங்க நெவ் கிளீரியோட தரவை வரைபடத்துல போட்டுப் பார்த்தேன். தொண்ணூத்தஞ்சாம் வருஷத்தோட நின்னுபோச்சு. அதுக்கப்புறம் அங்க பாசி இருந்ததுக்கு ஒரு புள்ளிகூட இல்லை."

"இருக்கு அலிஸ்டர். இரண்டாயிரத்துச் சொச்சம் புள்ளி இருக்கு."

"எங்க?"

"அது வந்து... ஜப்பான்ல."

அலிஸ்டர் 'ஜப்பான்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றாள் கிளெண்டா. "அதுவரைக்கும் அந்தப் பேரை அடிக்காதீங்க."

ஒரு குறியைச் சேர்ப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று வெளியாருக்குத் தோன்றும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிளெண்டா படித்துப் பட்டம் வாங்கி இந்த நாற்காலிக்கு வந்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் ட்ரையபன்னாவில் ஸ்காலப் சிப்பி உடைக்கிற கொட்டகையில் நின்றாள். கொட்டகை மூடியதும் ஹோபார்ட்டுக்கு வந்து ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தாள். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு மழை நாள். ஓய்வு பெற்றுப் போன ஒருவரின் அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் வாசலில் நின்ற இரும்புக் குப்பைத் தொட்டியில் கொட்டியிருந்தார்கள். மேலே மஞ்சள் அட்டை போட்ட நோட்டுகள் கிடந்தன. கிளெண்டா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். பென்சில் எழுத்து. தேதி, இடம், ஆழம், தண்ணீரின் சூடு. கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு சொல்: 'அடர்த்தி', 'சுமார்', அல்லது 'போச்சு'. பக்கம் பக்கமாக அதுதான். ஒரு மனுஷன் நாள் தவறாமல் கடலுக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறான், அது மழையில் கரைந்துகொண்டிருக்கிறது. அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தொட்டிக்குள்ளேயே ஏறி இறங்கிவிட்டாள். ஒன்பது நோட்டில் இரண்டுதான் தேறியது. வீட்டில் துணிக்கொடியில் பக்கம் பக்கமாகக் கிளிப் போட்டுக் காய வைத்தாள்.

அட்டையின் உள்பக்கம் பெயரும் ஊரும் இருந்தன: நெவில் கிளீரி, நூபீனா. அபலோனிச் சிப்பி எடுக்கிற முக்குளி. காய்ந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள். நடந்ததைக் கேட்ட நெவ், "ஆராய்ச்சிக்குன்னு கேட்டாங்க, நம்பிக் கொடுத்தேன். போயிட்டு வா" என்று கதவைச் சாத்திவிட்டார்.

அதன் பிறகுதான் கிளெண்டா தட்டச்சு கற்றாள், மாலை வகுப்புக்குப் போனாள், தரவு ஏற்றுகிற வேலை கேட்டு வாங்கினாள். கடைசியில் களஞ்சியமே அவள் பொறுப்புக்கு வந்தது. இடையில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நூபீனாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை போய்க்கொண்டிருந்தது. பதினாறாவது வருடம் நெவ் முக்குளிப்பை விட்டார். அடுத்த வருடம் மீதி இருபத்திரண்டு நோட்டுகளையும் ஒரு நண்டுக் கூடையில் போட்டு அவளிடம் கொண்டு வந்தார். நம் ஊர் முக்குளிகளைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். சிப்பி கிடைக்கும் இடத்தின் குறியை முக்குளி பெற்ற மகனிடம்கூடச் சொல்ல மாட்டான். நெவ் முப்பது வருடத்துக் குறிகளையும் ஊருக்கே திறந்து கொடுத்தார்.

"மறைச்சுப் போடணுமா? இடத்தை மட்டும் மங்கலா காட்டலாம்," என்று கிளெண்டா அப்போதே கேட்டாள்.

"மங்கலா காட்டினா பாசி எங்க இருந்துச்சுன்னு எவனுக்குத் தெரியும்? அப்படியே போடு புள்ள. ஆனா ஒண்ணு. இதுவும் எவனும் பார்க்காம கிடந்துச்சுன்னு வை, என் நோட்டு எல்லாத்தையும் திருப்பி வாங்கிக் கடல்ல போட்டுருவேன்."

இரண்டு வருடம் அவள் கையாலேயே தட்டினாள். பழைய இரண்டு நோட்டில் கரையில் தெரிகிற பாறையையும் மரத்தையும் வைத்துத்தான் இடம் குறித்திருந்தார். அதை வரைபடத்தில் அளந்து மைனஸ் போட்டு எழுதினாள். பிந்திய நோட்டுகளில் ஜி.பி.எஸ். எண் இருந்தது. ஆனால் தெற்கு என்பதற்கான எழுத்து எங்கேயும் இல்லை. நூபீனாக்காரன் எவன் தெற்கு என்று எழுதுவான்? வேறு எங்கே இருக்கப் போகிறோம்? கிளெண்டாவும் நோட்டில் இருந்ததை இருந்தபடி தட்டிக்கொண்டே போய்விட்டாள். பழைய புள்ளிகள் நூற்றுத் தொண்ணூற்று நாலும் ஸ்டில்மன் விரிகுடாவில் அழகாக நின்றன. அதைப் பார்த்துத் திருப்தியாகிவிட்டாள்.

களஞ்சியத்தில் ஒருமுறை வெளியிட்டதை அழிக்க முடியாது. இரண்டாம் பதிப்புதான் போட முடியும். முதல் பதிப்பு தன் தப்போடு எப்போதும் அங்கேயே இருக்கும். என்ன தப்பு, யாருடைய தப்பு என்று எழுத வேண்டும். திருத்தியவரே சரிபார்த்துக்கொள்ளக் கூடாது, இன்னொருவர் மூல நோட்டோடு ஒப்பிட வேண்டும். தரவைக் கொடுத்தவர் சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டங்களை எல்லாம் எழுதி வைத்தவள் கிளெண்டாவேதான்.

"நான் ஒப்பிட்டுப் பார்க்கறேன். பத்து வரிக்கு ஒரு வரி, நோட்டுப் படத்தோட வெச்சு," என்றாள் டாம்சின். "மொத்தமா எல்லாத்துக்கும் குறியை மாத்திடாதீங்க, சரியா இருக்கற நூத்துத் தொண்ணூத்து நாலும் வடக்கே பறந்துடும். நீங்க நெவ்கிட்ட ஃபோன்ல கேட்டுடுங்க."

"அவர் பகல்ல ஃபோனை எடுக்க மாட்டார். எடுத்தாலும் இதை நான் ஃபோன்ல சொல்ல மாட்டேன்."

நூபீனா போகிற வழியில், டன்னலியில் ஒரு படகுக்காகக் கால்வாய்ப் பாலம் திறந்திருந்தது. கிளெண்டா காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தட்டினாள். அந்தப் படகு ஆடி அசைந்து போனது. மேல்தட்டில் ஒருவன் அவளுக்குக் கை வேறு காட்டினான். அவளுக்குப் பதற்றத்தில் பதிலுக்குக் கை காட்டக்கூடத் தோன்றவில்லை.

நெவ் படகுக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட தோணிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார். எழுபத்து மூன்று வயது. தண்ணீரின் அழுத்தத்தில் ஒரு காது அரை மந்தம்.

"நெவ், ஒரு தப்பு நடந்துபோச்சு. என் தப்பு," என்று கிளெண்டா நின்றபடியே ஆரம்பித்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். கடிதம், மைனஸ், ஜப்பான், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி.

நெவ் தூரிகையை டப்பாவின் மேல் வைத்தார்.

"அப்ப என் குறியெல்லாம் ஜப்பான்லயா இருந்துச்சு?"

"ஆமா."

"பதினாலு மாசமா?"

"ஆமா நெவ்."

அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துக் கிளெண்டா பதறி ஓரடி முன்னே வைத்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமே வராமல், கண்ணில் தண்ணீர் வர.

"போன மாசம் பப்புல அந்த முக்குளித் தடியன் ரஸ்ஸல் என் முதுகைத் தட்டி, 'கிழவா, நீ பெரிய கில்லாடிய்யா'ன்னான். எதுக்குச் சொல்றான்னே தெரியாம நானும் தலையை ஆட்டினேன். என் குறியை எல்லாம் தன் படகுக் கருவியில ஏத்தியிருக்கான், படுபாவி! அது அவனை ஜப்பானுக்குப் போடான்னு சொல்லியிருக்கு! நான் வேணும்னே ஏமாத்தினேன்னு நினைச்சிருக்கான்!"

கிளெண்டாவுக்கும் சிரிப்பு பீறிட்டது. இருவரும் தோணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு நெவ் கண்ணைத் துடைத்துக்கொண்டு தோணியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா புள்ள? ஒவ்வொரு வாரமும் மேட்டுல ஏறி நின்னு பார்ப்பேன். என் குறி எதுலயாவது எவன் படகாவது நிக்குதான்னு. ஒருத்தனும் வரலை. சரி, எவனும் படிக்கலை, மறுபடியும் குப்பைத் தொட்டிதான்னு முடிவு பண்ணிட்டேன். உன்கிட்ட நோட்டைத் திருப்பிக் கேட்கணும்னு நினைச்சேன். கேட்க மனசு வரலை, தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன்."

பதினாலு மாதம் இந்த மனுஷன் தனியாக மேட்டில் நின்றிருக்கிறார், அதற்குக் காரணம் தன் விரல் ஒரு விசையைத் தொடாமல் போனது என்பதை நினைக்கவே கிளெண்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"படிச்சிருக்காங்க நெவ். குஷிரோல ஒரு அம்மா. எல்லா வரியும்."

"எல்லா வரியுமா?"

"நீங்க 'போச்சு'ன்னு எழுதின வரி எத்தனைன்னுகூட எண்ணியிருக்காங்க. கடிதத்தோட அடியில எழுதியிருக்காங்க."

நெவ் எழுந்தார். "எங்க கையெழுத்து போடணும்?"

கையெழுத்து இல்லை, கைப்பேசியில் ஒரு பெட்டியைத் தொட வேண்டும் என்றாள். வண்ணம் ஒட்டிய பெருவிரலால் தொட்டார். திரையில் பச்சையாக ஒரு தடம் விழுந்தது. கிளெண்டா அதைத் துடைக்காமலேயே காருக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை காலை டாம்சின் ஒப்பிடுவதில் பாதியைத் தாண்டியிருந்தாள். இரண்டு இடத்தில் கிளெண்டா 7 என்ற எண்ணை 1 என்று படித்திருந்தாள், அதையும் பிடித்துவிட்டாள். ஒன்பதரைக்கு மிகாமியிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. இந்த முறை மரியாதைகூட அவசரத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.

"மன்னிக்கவும், காத்திருக்க முடியவில்லை. தரவு திறந்துதான் இருக்கிறது, ஆகவே நானே கழித்தல் குறியைச் சேர்த்து உங்கள் கடலில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் மிகவும் சூடான நான்கு கோடைகளில் மற்ற இடங்களில் எல்லாம் 'போச்சு' என்று இருக்கிறது. திரு. கிளீரி பதினேழாம் குறி என்று எண்ணிட்ட இடத்தில் மட்டும் நான்கு கோடையிலும் 'அடர்த்தி'. அங்கே என்ன இருக்கிறது? சூட்டைத் தாங்குகிற செடியா? தயவுசெய்து யாராவது போய்ப் பாருங்கள்."

கிளெண்டா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். இரண்டு வருடம் அந்த வரிகளைத் தட்டியவள் அவள். ஒவ்வொன்றாகத் தட்டியதால் அதைப் பார்க்கவே இல்லை. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருத்தி ஒரே நாளில் பார்த்துவிட்டாள். இதற்காகத்தானே இந்தக் களஞ்சியம், இதற்காகத்தானே அந்த மழையில் தொட்டிக்குள் ஏறியது என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடிதத்தை அலிஸ்டருக்குத் தட்டிவிட்டாள். நெவ்வுக்கு ஃபோன் செய்தாள். காலையிலிருந்து ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தார் போலிருக்கிறது, முதல் மணியிலேயே எடுத்தார்.

"பதினேழா? அங்க பாறை வெடிப்பு ஒண்ணு இருக்கு. அடியிலேருந்து பச்சைத் தண்ணி ஐஸ் மாதிரி மேல வரும், பல்லு கிட்டும். அங்க பாசி எப்பவும் நல்லாத்தான் இருக்கும். இதை எவனும் கேட்கலையே!"

பதினொன்றே காலுக்கு டாம்சின் கையைத் தூக்கினாள். "முடிஞ்சுது. எல்லாம் தெற்கே. நான் சாட்சி."

மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. 'தொழில்நுட்பப் பிழை' என்று போட்டுவிட்டுப் போகலாம், பலரும் அப்படித்தான் போடுகிறார்கள். கிளெண்டா எழுதினாள்: "2122 வரிகளில் கழித்தல் குறி விடுபட்டது. திரு. கிளீரியின் நோட்டில் தவறு இல்லை. தவறு என்னுடையது. கண்டுபிடித்தவர் ஷிஸுகோ மிகாமி, குஷிரோ. கிளெண்டா பர்டன்." வெளியிடு என்ற பொத்தானை அழுத்தினாள்.

வரைபடம் புதுப்பிக்க நேரம் எடுத்தது. அலிஸ்டர் தொலைபேசியிலேயே இருந்தார். பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்தெட்டு.

"இன்னும் வரலை கிளெண்டா."

"வரும்."

"மணி—"

"வரும்னு சொன்னேன்ல!"

பதினொன்று ஐம்பத்து மூன்றுக்கு ஸ்டில்மன் விரிகுடாவில் ஒரு புள்ளி முளைத்தது. அப்புறம் பத்து. அப்புறம் கடற்கரை முழுக்க, பாறைக்குப் பாறை, வருடத்துக்கு வருடம். டாம்சின் மேசையைத் தட்டிக் கத்தினாள்.

"பட்டியல்ல வெக்கறேன்," என்றார் அலிஸ்டர். "ஒரே நிபந்தனை. நெவ் தண்ணிக்குள்ள போய் அஞ்சு வருஷம் ஆச்சு. பதினேழுல இன்னும் பாசி உயிரோட இருந்தா ஸ்டில்மன் உள்ள. இல்லேன்னா வேற ஊருக்குப் போயிடும்."

படகு கடலில் இறங்கக் காற்று விட்டுக்கொடுக்க ஒன்பது நாள் ஆனது. அதற்குள் டாம்சின், புள்ளி விழுகிற கடல் தரவு கொடுத்தவர் சொல்கிற கடல்தானா என்று கேட்கிற ஒரு சோதனையை எழுதி, மென்பொருளின் பொதுக் களத்தில் சேர்த்துவிட்டாள். அதை முதலில் எடுத்துப் போட்டுக்கொண்டது பிஜியில் ஒரு களஞ்சியம். அங்கே அன்றைக்கே நாற்பது சுறாக்கள் வடக்கே நீந்திக்கொண்டிருந்தது தெரியவந்தது.

பத்தாம் நாள் காலை படகு பதினேழாம் குறிக்குமேல் நின்றது. அலிஸ்டரின் முக்குளிப் பெண் ஒருத்தி பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீரில் விழுந்தாள். கிளெண்டா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் எப்போதோ வெளியே போயிருந்தது. நெவ் தண்ணீரைப் பார்க்கவில்லை. தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லேன்னா என்ன பண்றது புள்ள?" என்றார் மெதுவாக.

"இல்லேன்னா 'போச்சு'ன்னு எழுதுவோம் நெவ். அதையும் ஏத்துவோம்."

அவர் தலையாட்டினார். அவர் கை அவளுடைய மழைக்கோட்டின் முனையைப் பிடித்திருந்ததை அவரே கவனிக்கவில்லை.

பதினோரு நிமிடம் கழித்துத் தலை ஒன்று மேலே வந்தது. வாயிலிருந்த குழாயைத் துப்பிவிட்டு அந்தப் பெண் கத்தினாள்: "காடு! அடியில காடே இருக்கு!" அவள் தூக்கிப் பிடித்த கையில் தேன் நிறத்தில் ஆள் நீளத்துக்கு ஒரு பாசி இலை வழுக்கித் தொங்கியது.

அலிஸ்டர் யாரையோ கட்டிப்பிடித்தார். படகோட்டி ஊதலை ஊதினான். கிளெண்டா வெட்கமே இல்லாமல் அழுதாள்.

நெவ் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு மஞ்சள் நோட்டை எடுத்தார். புத்தம் புதியது. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு தேதி எழுதினார், ஆழம் கேட்டு எழுதினார், கடைசிக் கட்டத்தில் 'அடர்த்தி' என்று எழுதினார். பிறகு ஜி.பி.எஸ். எண்ணை எழுதி, அதற்கு முன்னால் பென்சிலை அழுத்திக் கட்டத்தைத் தாண்டி, ஓரம் வரைக்கும் நீளமாக ஒரு கோடு இழுத்தார். நோட்டை அவள் கையிலேயே வைத்தார்.

"போதுமா? ஜப்பான்ல இருக்கற அந்த அம்மா கண்ணுக்குத் தெரியுமா?"